உரியாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சபை ஊழியரான போதகர் ஒருவர் தவறு செய்து பிடிபட்ட செய்திக்கு வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். "தாவீதே விழவில்லையா? கர்த்தர் அவரைத் தள்ளிவிட்டாரா? நியாயந்தீர்க்க நாம் யார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குத் தாவீதின் கதை சொல்லிக்கொடுப்பவள் நான். தாவீது ராஜா, தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளோடு பாவம் செய்து, அதை மறைக்க உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். அந்தக் கேள்வியில் பாதிக் கதைதான் இருக்கிறது.

கர்த்தர் தாவீதைத் தள்ளவில்லை, உண்மைதான். ஆனால், 'கர்த்தர் உம்முடைய பாவம் நீங்கச்செய்தார்' என்று தீர்க்கதரிசி நாத்தான் சொல்லும் முன்பே, பட்டயம் (வாள்) உன் வீட்டை விட்டு விலகாது என்ற தீர்ப்பு வந்துவிட்டது. மன்னிப்பு அந்தத் தீர்ப்பை அழிக்கவில்லை. அடுத்த அதிகாரங்களில் தாவீதின் மகன்கள் அம்னோன் சாகிறான், அப்சலோம் சாகிறான்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உரியா. அவரை மறக்க வேதம் நம்மை விடுவதே இல்லை. 2 சாமுவேல் 23-ல் தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேரின் பட்டியல் அவர் பெயரோடுதான் முடிகிறது. 1 இராஜாக்கள் 15:5 தாவீதை மெச்சும்போதே, உரியாவின் சங்கதி நீங்கலாக என்கிறது. மத்தேயுவோ, இயேசுவின் வம்ச வரலாற்றில் பத்சேபாளின் பெயரைக்கூட எழுதாமல் 'உரியாவின் மனைவியாயிருந்தவள்' என்கிறார். மேசியாவின் குடும்ப அட்டவணைக்குள் கொலையுண்டவரின் பெயர்! தாவீது மனம்வருந்திப் பாடிய 51-ம் சங்கீதத்தில் 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக' என்று வரும் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று வாதாடுவோரிடம் இந்த மூன்று இடங்களையும் காட்ட ஆசை.

இன்னொரு பக்கம், போதகர் விழுந்தால் அவர் கொடுத்த ஞானஸ்நானமும் பொய்யா என்று கலங்குவோர் உண்டு. பழைய கேள்விதான். கி.பி. 303-ல் தொடங்கிய உபத்திரவத்தில் வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமாரின் கையால் நடந்த சடங்குகள் செல்லுமா என்ற கேள்வியில் வட ஆப்பிரிக்கச் சபையே பிளந்தது. கை யாருடையதானாலும் ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து என்றார் அங்கே பின்னாளில் பேராயராக இருந்த அகஸ்டின். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் ஞானஸ்நானம் செல்லும் என்பதற்காக, அந்த மனிதர் அடுத்த ஞாயிறே பிரசங்க பீடம் ஏறலாம் என்றாகிவிடாது.

'நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்' என்று தேவனைப் பற்றிச் சொல்கிறது வேதம். விழுந்தவருக்கு ஆறுதலாக இந்த வசனத்தை உடனே எடுத்துப்போகிறோம். விழுந்தவரால் நொறுங்கியவர்களின் வீட்டுக்கு இதே வசனத்தோடு யார் போகிறார்கள்? அவர்களுக்கும் தேவன் உண்மையுள்ளவர்தானே?

அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று, இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவரான சகேயு தானாகவே எழுந்து நின்று சொன்னார். மன்னிப்புப் பெற்றேன் என்று வரும் ஊழியரிடம் சபைக் கமிட்டி முதலில் அந்தக் கணக்கைக் கேட்கட்டும். பீடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
சண்டே ஸ்கூல் ஆசிரியை ஒருவர்