ஆட்டோவைச் சராசரிக்குள் ஒளிக்காதீர்கள்

மாநாட்டு மதிப்புரைக் குழுவினருக்கு வணக்கம்.

ஓட்டுநரில்லா கார்கள், கேமரா படத்தில் எது வண்டி, எது ஆள், எது மாடு என்று கண்டறியும் முறைகளை ஒப்பிட்டு நாங்கள் அனுப்பிய கட்டுரையைத் திருப்பிவிட்டீர்கள். அது பழக்கம்தான். ஆனால் கிட்டி என்ற சாலைப் படத் தொகுப்பில் சோதித்திருக்க வேண்டும், ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் தனி முடிவு காட்டும் வகைவாரி அட்டவணை தேவையில்லை என்று சொன்ன காரணத்தைத்தான் விழுங்க முடியவில்லை.

2012இல் வெளியான கிட்டி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பக்கம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது. உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் டிராமுக்குத் தனிப்பெயர் உண்டு, ஆட்டோவுக்கு இல்லை. சென்னையில் டிராம் 1953இலேயே நின்றுவிட்டது. ஆட்டோ இன்னும் ஓடுகிறது, பெரும்பாலும் குறுக்கே. கோகோ என்ற பொதுப் படத் தொகுப்பின் 80 வகைகளிலும் ஆட்டோ கிடையாது. அதில் மட்டும் பழகிய யோலோ என்ற கண்டறியும் மென்பொருள், ஆட்டோவைப் பார்த்தால் கார் என்றோ லாரி என்றோ சொல்லும், அல்லது ஒன்றும் சொல்லாது.

அதனால்தான் ஐதராபாத் ட்ரிபிள்-ஐடியின் இந்தியச் சாலைத் தரவை எடுத்தோம். அதில் ஆட்டோவும் விலங்கும் தனித்தனி வகை. எல்லா வகைக்கும் சேர்த்துத் துல்லியத்தின் சராசரி போட்டால் இரண்டு முறைகள் ஏறக்குறைய சமம். பிரித்துப் பார்த்தால்தான் அதில் ஒன்று மாட்டைக் கோட்டைவிடுவது தெரிகிறது. நீங்கள் வெட்டச் சொன்னது அந்த அட்டவணையைத்தான்.

வகையில் என்ன இருக்கிறது என்பீர்களோ? 2018இல் அமெரிக்காவின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை ஊபரின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 நொடி முன்பே அவரைக் கண்டுகொண்ட மென்பொருள், வாகனம், வேறேதோ, சைக்கிள் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது. விசாரணை அறிக்கையிலேயே உள்ளது.

வேகக் கணக்கும் இதே லட்சணம்தான். நொடிக்கு இத்தனை படம் என்கிறார்கள். எந்த ஜிபியூவில், அதாவது கணக்குப் போடும் எந்தச் சில்லில்? ஒரே பொருளைச் சுற்றி மென்பொருள் வரையும் உபரிப் பெட்டிகளைக் கழிக்கும் நேரம் சேர்ந்ததா? டெட்டர் என்ற இன்னொரு முறைக்கு அந்த வேலையே இல்லை, யோலோ பதிப்புகள் பலவற்றுக்கு உண்டு. மணிக்கு 60 கி.மீ.யில் போகும் வண்டி 100 மில்லிநொடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஆனால் சராசரியில் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் கொஞ்சம் கூடினால் போதும், தடித்த எழுத்து, மேடை, கைத்தட்டல். மாடு எப்படியாவது பார்த்துப் போய்க்கொள்ளட்டும்!

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த அழைப்பிலாவது வகைவாரி முடிவு, பகல் இரவு தனித்தனியாக, எந்தக் கருவியில் அளந்த முழு நேரம் என்பது, இவற்றைக் கட்டாயமாக்குங்கள். சராசரி மட்டும் போதாது. முடிந்தால் எங்கள் கட்டுரையையும் அந்த அட்டவணையோடு இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவன்