அந்த சொம்ப பாலிஷ் போடாத கண்ணு

கண்ணு, அப்பா எழுதுறேன். நீ ஞாயித்துக்கெழம பெங்களூரு பழைய சாமான் சந்தையில வாங்கின ஐட்டம் போட்டோ எல்லாம் பாத்தேன், உங்கம்மா அந்த மூடி போட்ட பெரிய டம்ளர பாத்துட்டு இது சரக்கு கலக்குறதுதானேன்னு கேட்டா, ஜூஸ் கலக்குறதுன்னு சமாளிச்சிக்கினு இருக்கேன், நீயும் அதையே சொல்லு.

அந்த டம்ளர வெள்ளின்னு சொல்லி 2,800 வாங்கிட்டான்னியே, அது வெள்ளி இல்லம்மா. அடியில இ.பி.என்.எஸ்.னு இங்கிலீஷ் எழுத்து நாலு இருக்குது பாரு, நிக்கல் சில்வர் மேல கரண்ட்ல வெள்ளி முலாம் ஏத்தினதுன்னு அர்த்தம். நிக்கல் சில்வர்ல சில்வர் பேர்ல மட்டும்தான், உள்ள இருக்கிறது செம்பு, துத்தநாகம், நிக்கல். விளிம்புல லேசா மஞ்ச தட்டுதே, அங்க முலாம் தேஞ்சிடுச்சி. இங்கிலாந்து அசல் வெள்ளின்னா நடக்குற சிங்கம் முத்திரை குத்தியிருப்பான். ஆனா பழசுதான், ஏமாந்துட்டோம்னு நெனைக்காத, அடியில ஆர்.டி.ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்குதே, அது டிசைன் ரிஜிஸ்டர் நம்பரு, 1884லருந்து அங்க வந்த வழக்கம். சபீனா போட்டு மட்டும் தேய்ச்சிடாத, மிச்ச முலாமும் போயிடும்.

அந்த குட்டி அளவு கப்பு வெள்ளைக்காரன் காலத்துதுன்னானாம், பொய். 30, 60ன்னு மில்லி கணக்கு போட்டிருக்குது, நம்ம நாட்டுல மெட்ரிக் சட்டமே 1956லதான் வந்துச்சி. மேக்னட் ஒட்டுதுன்னு வேற பயந்துட்ட, எவர்சில்வர்லயும் நிக்கல் இல்லாத ரகம் ஒட்டும். ஒட்டலன்னா ஒசத்தின்னும் இல்ல, பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவுமே ஒட்டாது.

இப்ப சொம்புக்கு வரேன். நூறு ரூபாய்க்கு கொசுறு மாதிரி குடுத்தான்னு எழுதியிருக்க, நான் அரை மணி நேரம் அதைத்தான் பெருசு பண்ணி பண்ணி பாத்துக்கினு இருந்தேன். கழுத்துக்கு கீழ புள்ளி புள்ளியா இருக்கிறது டிசைன் இல்ல, தமிழ் எழுத்து. கு.ரா. குடியாத்தம்னு வருது. யாரோ கல்யாண சீரு. நான் வேலை பாத்த பாத்திரக் கடையிலயும் ஒருத்தரு வாசல்ல குந்திக்கினு சின்ன உளியில டொக் டொக்குனு பேரு வெட்டுவாரு, முகூர்த்த மாசத்துல காது வலிக்கும்.

கீழ விழுந்து நசுங்கியிருக்குதே, அதுலயே தெரியுது பித்தளைன்னு, வெண்கலம்னா நசுங்காது, விரிசல் விட்ரும். தட்டிப் பாத்தாலும் தெரியும், வெண்கலம் கோயில் மணியாட்டம் இழுத்துக்கினு பாடும், பித்தளை சட்டுனு நின்னுரும். இந்த சத்தம் எனக்கு நல்லா தெரியும் கண்ணு, தெரிஞ்சிருந்தும் ஒரு தப்பு பண்ணேன். நீ பொறக்கறதுக்கு முன்ன, பழசு எடுத்துக்கினு எவர்சில்வர் குடுத்துக்கினு இருந்தோம், ஒரு ஆயா வெண்கலப் பானை கொண்டாந்துச்சி, தராசுல வைக்கும்போதே ணங்குன்னுச்சி, முதலாளி கண்ண காட்டினாரு, நானும் பித்தளை ரேட்டே போட்டேன். அந்தம்மா ரெண்டு டிபன் பாக்ஸ் வாங்கிக்கினு சந்தோஷமா போச்சி. சாயங்காலம் அந்தப் பானைய சம்மட்டியால ஒடச்சி சாக்குல போட்டதும் நான்தான், அதுலயும் பேரு வெட்டியிருந்துச்சி, படிக்கல.

அதனால மெஷின் பாலிஷுக்கு குடுத்துடாத, புள்ளி அழிஞ்சிடும். புளியும் உப்பும் போட்டு கையாலயே தேய், பச்சை களிம்பு போயிடும். உள்ள பூசின வெள்ளீயம் போயிருக்குது, மோர், எலுமிச்சை ஜூஸ் எதுவும் ஊத்தாத. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கினு வா, நம்ம வேலூரு சைதாப்பேட்டையில ஈயம் பூசுற பாய் ஒருத்தரு இன்னும் இருக்காரு, அவர்கிட்ட நானே போறேன். காட்பாடியில எறங்கினதும் போன் பண்ணு.

ஜூஸ் டம்ளர மட்டும் அங்கயே வச்சிட்டு வா.

அப்பா