கொழுப்பு விரதம் தொடங்குமுன் வாசி

திருகோணமலை

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோச் சாப்பாட்டில் நாலு மாதம் நன்றாக இறங்கிய எடை இப்போது அசையவில்லை, வெள்ளிக்கிழமை தொடக்கம் கொழுப்பு விரதம் பிடிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு முதல் இதை ஆறுதலாக வாசி, தம்பி.

கொழுப்பு விரதம் என்றால் நாளைக்கு 1000 முதல் 1200 கலோரி மட்டும் எடுத்து, அதில் 80 முதல் 90 சதவீதம் கொழுப்பாகவே இருக்கப் பார்த்துக்கொள்வது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதைத் தாண்டக் கூடாததற்குக் காரணம் புரதம். உன் எடை 80 கிலோ. கிலோவுக்கு 0.8 கிராம் என்று பார்த்தாலே 64 கிராம் புரதம் வேண்டும். இந்த விரதத்தில் 15, 20 கிராம்தான் உள்ளே போகும். குறைவதை உடம்பு தசையைக் கரைத்து எடுக்கும். நீ குறைக்க நினைப்பது தசையை அல்ல.

லண்டனில் கெக்விக், பவான் என்ற இருவர் 1956இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் இதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். 1000 கலோரியில் 90 சதவீதம் கொழுப்பாகக் கொடுத்தபோது எடை வேகமாக இறங்கியது உண்மை. ஆனால் அது சில நாள் பரிசோதனை, இறங்கியதில் தண்ணீரும் இருந்தது. உன் கணக்கையே போட்டுப் பார். உனக்கு நாளைக்கு 2200 கலோரி செலவென்றால், 1000 சாப்பிட்டால் 1200 குறையும். மூன்று நாளில் 3600. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கலோரி குறைய வேண்டும். ஆக, அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. தராசு இரண்டு கிலோ காட்டினால் மீதி தண்ணீரும் குடலில் இருந்ததும்தான்.

அதனால் முதலில் சாப்பிடும் நேரத்தைச் சுருக்கு. இரவு எட்டு மணிக்கு முடித்துக் காலை எட்டு வரை 12 மணித்தியாலம், ஒரு கிழமை. பிறகு 14, பிறகு 16. அந்த நேரத்தில் தண்ணீர், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி, வெறுங்கோப்பி மட்டும். பட்டர் போட்ட கோப்பி இன்சுலினை அதிகம் ஏற்றாது என்றாலும் ஒரு மேசைக்கரண்டி பட்டரில் 100 கலோரி இருக்கிறது, அது சாப்பாடுதான். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் விழித்திருந்து மறுநாள் சோற்றோடு பாரணை பண்ணுவது வேறு. இதில் விரதத்தை மீனோடோ முட்டையோடோ முடி. சூடை மாதிரிக் கொழுப்பு மீன் அங்கே பேணியிலாவது கிடைக்கும். சாப்பிடும் மிச்ச எட்டு மணித்தியாலத்துக்குள் 80, 90 கிராம் புரதம் சேர வேண்டும். கஜுவை எண்ணிச் சாப்பிடு, 28 கிராமிலேயே எட்டுக் கிராமளவு மாச்சத்து இருக்கிறது. எடை நின்றுபோவதற்கு அநேகமாக இப்படிக் கைதவறி வாய்க்குள் போகிறவைதான் காரணம்.

நாலு கிழமை இப்படிச் செய்தும் அசையவில்லை என்றால் மட்டும் மூன்று நாள் கொழுப்பு விரதம் பிடி. 200 கலோரி வீதம் ஐந்து முறை, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காலையில் கோப்பிக்குள் ஒரு மேசைக்கரண்டி பட்டரும் 50 மில்லிலீற்றர் தேங்காய்ப்பாலும். அடுத்து, ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் பொரித்த ஒரு முட்டை, சட்டியில் மிஞ்சும் எண்ணெயையும் வழித்துச் சாப்பிட வேண்டும். பிறகு பாதி பட்டர் புரூட், ஒரு தேக்கரண்டி ஒலிவ் எண்ணெய், உப்பு, தேசிக்காய். பின்னேரம் மக்கடேமியாக் கொட்டை 28 கிராம். இரவுக்குச் சொதி: 100 மில்லிலீற்றர் கெட்டித் தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, இறக்கியபின் தேசிப்புளி. கிழங்கு போடாதே, வெங்காயம் இரண்டு துண்டு போதும். அங்கே பேணித் தேங்காய்ப்பால் வாங்கும்போது 100 மில்லிலீற்றருக்குக் கொழுப்பு 17 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார். லைட் என்று எழுதியது தண்ணீர் கலந்தது. கிண்ணியாச் சட்டித் தயிர் நினைவு வந்தாலும் இந்த மூன்று நாளும் தயிர் வேண்டாம், புரதமும் மாச்சத்தும் கணக்கைக் குழப்பும்.

பசி இல்லையென்றால் ஐந்தையும் கட்டாயமாக விழுங்காதே. தேங்காயெண்ணெயைத் திடீரென்று கூட்டினால் வயிற்றோட்டம் வரும், விரதத்துக்கு முந்திய கிழமையே ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் பழகு. வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் போகிற வலி வந்தால் உடனே நிறுத்து, பித்தப்பையில் கல் இருக்கலாம்.

தலையிடி, எழும்பும்போது தலைசுற்று, கெண்டைக்கால் இழுப்பு வந்தால் பசி என்று நினைக்காதே. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடும், தண்ணீரும் கூடவே போகும். சொதியில் போடுவதோடு சேர்த்து நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, 5 கிராம் அளவு, உள்ளே போகட்டும். ஆனால் நீ பிரஷருக்கு லொசார்ட்டன் குளிசை போடுகிறாய். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைட் இருக்கும். லொசார்ட்டனோடு அது சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும், அதைத் தொடாதே. எடை இறங்கினால் பிரஷரும் இறங்கும், அதே அளவு குளிசை கூடிப்போகலாம். காலையும் இரவும் பிரஷரை அளந்து எழுதி வை.

நாலாம் நாள் சோற்றுக்கோ பிட்டுக்கோ ஓடாமல் மீன், முட்டை, கீரை என்று வழக்கமான கீட்டோச் சாப்பாட்டுக்கு வா.

உன் அறைச் சிநேகிதனும் சேரப் போவதாக எழுதினாய். அவர் சலரோகக்காரர், அதற்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற குளிசை போடுகிறார் என்றால் கட்டாயம் சேரக் கூடாது. அந்தக் குளிசையோடு மாச்சத்தை நிறுத்தினால் சீனி அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகலாம். சத்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் ஆஸ்பத்திரிதான். இன்சுலின் ஊசியோ கிளிக்லசைட் என்ற சலரோகக் குளிசையோ எடுத்தால் சீனி சட்டென்று விழுந்து மயங்கிவிடுவார். டொக்டர் அளவை மாற்றாமல் அவர் 16 மணித்தியால விரதமும் பிடிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை அவருக்கும் காட்டு. வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைத்து, உன் டொக்டர் லொசார்ட்டனைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா