ஹியூம் சபையாரையும் நினைவில் வைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈழத் தமிழரின் தன்னாட்சி உரிமைக்காகக் குரல் கொடுத்த சிங்களவரான விராஜ் மென்டிஸ் 2024ஆம் ஆண்டு மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் நான் படித்தவை, அவருக்கு அடைக்கலம் தந்த இங்கிலாந்தின் ஹியூம் தேவாலயத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டன. அந்தச் சபையார் செய்தது ஒரு வரியில் அடங்குவதன்று என்பதால் இதை எழுதுகிறேன்.

1973இல் மாணவராக இங்கிலாந்துக்கு வந்த மென்டிஸ், நாடுகடத்தல் நெருங்கிய நிலையில், இலங்கைக்குத் திரும்பினால் தமிழருக்காகப் பேசியதற்காகவே தம் உயிருக்கு ஆபத்து நேரும் என்று கூறி, 1986 டிசம்பரில் மான்செஸ்டரின் ஹியூம் பகுதியிலிருந்த அசென்ஷன் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார். அவர் வெளிப்படையான பொதுவுடைமைவாதி. ஆயினும், போதகர் ஜான் மெத்துவனும் சபையாரும் அவரை ஏற்றதற்கு விசுவாசத்தை நிபந்தனையாக்கவில்லை. ஹியூம் அன்று செல்வந்தர் வாழும் இடமாகவும் இருக்கவில்லை. வறுமைக்கும் வேலையின்மைக்கும் பெயர்பெற்ற பகுதியாக அது இருந்தது.

தேவாலயத்தில் தஞ்சம் புகுவோரைக் காக்கும் சட்டம் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 2018 அக்டோபர் முதல் மறு ஆண்டு ஜனவரி வரை ஓர் ஆர்மீனியக் குடும்பத்தைக் காக்க பெத்தேல் தேவாலயத்தார் 96 நாட்கள் இடைவிடாமல் வழிபாடு நடத்தினார்களே, அங்கே வழிபாட்டின் நடுவே காவலர் நுழையக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஹியூமில் அத்தகைய காப்பு எதுவுமில்லை. ஆதரவாளர்கள் இரவும் பகலும் முறைவைத்து விழித்திருந்ததுதான் காவல். இரண்டாண்டுகளுக்கும் மேலாக இது நீடித்தது. 1989 ஜனவரி 18 அன்று காவல்துறையினர் கதவுகளை உடைத்து உள்ளே புகுந்து அவரைக் கைது செய்தனர். இரண்டு நாட்களில் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஜெர்மனியின் பிரேமன் நகரில் குடியேறி, தம் இறுதிக்காலம் வரை தமிழருக்கான நீதியைக் கோரிவந்தார்.

வந்தவருக்கு உணவும் படுக்கையும் தருவதோடு நின்றிருந்தால் அச்சபையை யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவரை வெளியேற்றத் துடித்த அரசின் முடிவு நியாயந்தானா என்றும் அவர்கள் கேட்டார்கள். அதனையே நான் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்நாட்டின் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பசித்தவர்க்குச் சோறிடுவதில் குறைந்தவை அல்ல. 1983க்குப் பின் வந்த அகதிகளுக்கு உதவியவர்களையும் நாம் அறிவோம். ஆனால் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் குடியுரிமை இல்லாமல் நிற்பதைப் பற்றியும், 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடமில்லாமல் போனதைப் பற்றியும் நம் வழிபாட்டுத் தலங்களில் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? சமயத்தலம் அரசியல் பேசலாமா என்று தயங்குவோர், ஹியூமின் எளிய மக்கள் தம் பீடத்தருகே யாருக்கு இடம் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று காவலிருந்தவர்கள் பலருக்கு இப்போது முதுமை வந்திருக்கும். அவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் சொல்வதைத் தமிழில் பதிவுசெய்யும் தொடர் ஒன்றைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்றும், இங்கிலாந்து வாழ் வாசகர்கள் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.