சர்வர் எடுக்கும் முன்

அன்புள்ள குமார்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

சங்கத்தின் பழைய மலர்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கும் தளம் ஷேர்ட் ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் பங்குபோடும் ஒரே சர்வரில்) இழுத்துக்கொண்டிருக்கிறது, தனியாக ஒரு வி.பி.எஸ். (ஒரு பெரிய சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் பங்கு) எடுக்கலாமா என்கிறாய். தாராளமாக எடு. ஆனால் நீ அனுப்பிய விலைப்பட்டியலில் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்பதைச் சுற்றித்தான் வட்டம் போட்டிருக்கிறாய். 2 ஜி.பி. ராம் உனக்குப் போதும். 1 ஜி.பி.யில் நாலு பேர் சேர்ந்து வந்தாலே ராம் போதாமல் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), தளத்தின் தகவல்களை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுவிடும். அதற்கு மேல் நான் பார்ப்பது இரண்டுதான்: மெஷின் படுத்துவிட்டால் பிரவுசர் வழியாக உள்ளே போகக் கன்சோல் உண்டா? பேக்கப்பை எங்கே வைக்கிறார்கள்?

2021 மார்ச் 10 அன்று பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.ஹெச். என்ற சர்வர் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்ததே, அதில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுக்கப் போயிற்று. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியவர்களில் சிலருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. பேக்கப் இருந்ததும் அதே இடத்தில்! அதனால் ஒரு நகல் வேறு நிறுவனத்திடம், இன்னொன்று உன் மேஜையில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். அவ்வப்போது அதை லேப்டாப்பில் ஏற்றி, தளம் எழுந்து நிற்கிறதா என்றும் பார்.

சர்வர் இருக்க வேண்டிய இடம், மும்பை அல்லது பெங்களூரு. ஜெர்மனியில் மலிவுதான், ஆனால் தகவல் போவது கண்ணாடி இழை வழியாக ஒளியாகத்தான், அதற்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் ஓடும். ஃபிராங்க்ஃபர்ட் போய்த் திரும்ப ஒவ்வொரு முறையும் 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எத்தனை ராம் போட்டாலும் அது குறையாது.

இயங்குதளமாக உபுண்டு 24.04 எல்.டி.எஸ். (நீண்டகாலம் அப்டேட் வரும் பதிப்பு) போடு, 2029 வரை அப்டேட் வரும். மெஷின் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே லாகின் லாக்கைத் திறந்து பார், தமாஷாக இருக்கும். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் போட்டு எந்தெந்த நாட்டிலிருந்தோ பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) முயன்றுகொண்டிருக்கும். பயப்படாதே. எஸ்.எஸ்.ஹெச். கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் உன் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு) வைத்து லாகின் செய்துகொண்டு பாஸ்வேர்ட் லாகினையே மூடிவிட்டால் அவை முட்டிக்கொண்டு கிடக்கட்டும். மூடும்போது மட்டும் பழைய விண்டோவை அப்படியே விட்டு, புது விண்டோவில் கீ வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள். ஃபயர்வாலை (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் தடுப்பு) ஆன் செய்வதற்கு முன், எஸ்.எஸ்.ஹெச். நுழையும் 22ஆம் போர்ட்டைத் திறந்து வை. இல்லாவிட்டால் மேலே சொன்ன கன்சோல்தான் கதி.

எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழுக்குக் (தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையே பூட்டுப் போட உதவுவது) காசு கேட்டால் கொடுக்காதே. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், சர்ட்பாட் என்ற புரோகிராம் அதைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

அப்புறம், சர்வர் நிறுவனத்தில் கணக்கு யார் பெயரில்? செயலாளரின் சொந்த மெயிலில் தொடங்காதீர்கள். அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் பில் கட்டச் சொல்லும் மெயில் அவருக்கே போய்க்கொண்டிருக்கும், சர்வர் ஒருநாள் நின்றுவிடும். சங்கத்துக்கென ஒரு மெயில் வைத்து, டொமைனையும் (தளத்தின் முகவரிப் பெயரை) அதற்கே மாற்றிவிடு.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் எடுத்துவிட்டாயானால் பேக்கப் ஸ்கிரிப்டைச் சேர்ந்து எழுதிவிடலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி