பாம்பன் பாலத்துக்கு இரு பக்கமும் சரக்கு வையுங்கள்

பன்னாட்டு உதவி அமைப்புகளின் சென்னை, தில்லி அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் உங்கள் அவசரகாலத் திட்டத்தில் இராமநாதபுரம் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆட்கள் இராமேசுவரத்தில், கிடங்கு இராமநாதபுரத்தில், லாரி மதுரையிலிருந்து என்று எழுதியிருந்தால், அந்தத் திட்டம் பாம்பனைத் தாண்டாது.

இராமேசுவரம் தீவுக்கு ஒரு சாலைப் பாலம், ஒரு ரயில் பாலம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கால்வாய் மேல் நிற்கின்றன. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த பழைய ரயில் பாலத்தை 46 நாளில் சீர்செய்ததைச் சாதனை என்று இன்றும் சொல்கிறோம். சாதனைதான். ஆனால் சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது, ஆக அந்த 46 நாளும் தீவுக்குப் படகுதான் வழி. குறைந்தது ஏழு நாளுக்கான சரக்காவது பாலத்துக்கு அந்தப் பக்கமும் இருக்க வேண்டும்.

புயலுக்குப் பெயர் வைத்த பிறகு கிளம்பலாம் என்றும் இருக்காதீர்கள். 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. மழை கொட்டியது. பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அதுவே புறப்பாட்டுக்குப் போதுமான அறிகுறி. 11ஆம் எண் ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு யாரையும் சாலையில் அனுப்பக் கூடாது.

அதிகம் கவலைப்பட வேண்டியது தண்ணீருக்கு. காவிரிக் குடிநீர் பம்பு வைத்துத்தான் வருகிறது, கரண்ட் போனால் குழாய் காய்ந்துவிடும். கடல் ஏறினால் மணல் ஊற்றுகள் உப்பாகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால், 500 பேருக்கு 7,500 லிட்டர், ஏழு நாளுக்கு 52,500 லிட்டர். அவ்வளவையும் தேக்கி வைக்க முடியாது. கரையிலிருந்து தள்ளிய ஒரு நல்ல கிணறு, ஒரு ஜெனரேட்டர், இரண்டு 5,000 லிட்டர் தொட்டி என்று இப்போதே பேசி வையுங்கள். ஜெனரேட்டர் மூன்றடி மேடையில் நிற்கட்டும். உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். சுரண்டி, கிரீஸ் தடவி, வாரம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டாவிட்டால் வேண்டிய அன்று ஸ்டார்ட் ஆகாது.

பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். சாக்கில் போட்டு வைத்தால் ஈரம் குடித்துக் கட்டிதட்டும். வாயைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் நெடி வராவிட்டால் வெறும் சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் புதிதாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில், டீசலுக்குப் பக்கத்தில் வைக்காமல் வைக்க வேண்டும். தெளிந்த தண்ணீராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். அரை மணி கழித்துக் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும்.

இனி எல்லைப் பிரச்சினை. உங்கள் பாதுகாப்புப் பெட்டியில் வழக்கமாக இருக்கும் துரையா, இரிடியம் சாட்டிலைட் ஃபோன்களைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். தொலைத்தொடர்புத் துறை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், இந்தக் கரையில் பிடிபட்டால் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். பி.எஸ்.என்.எல். வழியாக உரிமத்தோடு சாட்டிலைட் ஃபோன் வாங்கலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ட்ரோனும் கேட்காமல் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது.

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டுகளில் 2022 மார்ச் முதல் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள். தகவல் வந்தால் பதறிப்போய் நாட்டுப்படகை வாடகைக்குப் பிடித்து அனுப்பாதீர்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554. எல்லை தாண்டியதாகப் படகு சிக்கினால் உங்கள் ஊழியருக்காகப் பேச ஓர் அமைப்பு இருக்கிறது. படகுக்காரருக்குப் படகும் போய், சிறையும் கிடைக்கும்.

செப்டம்பர் 30க்குள் இரு பக்கத்துச் சரக்குப் பட்டியலையும் ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் கொடுத்துவிடுங்கள். அதன் எண் 1077. தீவுக் கிடங்கின் சாவி தீவில் குடியிருப்பவர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரைப் பேரிடர்ப் பணியாளர்கள்