ஐந்தும் உள்ளே விழும் தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருகிற செப்ரெம்பர் 25ஆம் திகதி நோர்வேயில் எல்க் என்னும் பெரிய காட்டுமான் வேட்டை தொடங்குகிறது. வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிய எங்கள் பெடியள் மூன்று பேர் என்னிடம் கேட்டது ஒன்றே: "அண்ணை, எந்த ஸ்கோப் (துவக்கில் பூட்டும் குறிநோக்கி) நல்லது?" அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எனது இரண்டாவது வருட வேட்டை. நாயின் குரல் கேட்டு மேட்டில் ஓடி ஏறினேன். வெட்டை வெளியில் ஒரு காளை எல்க், 170 மீட்டர். நின்றபடியே, இரைத்த மூச்சோடு சுட்டேன். அது கூனிக்கொண்டு காட்டுக்குள் போனது. அது நின்ற இடத்தில், பாசியின் மேல் இரத்தம் கொஞ்சம்தான்; பச்சைச் சாறு கலந்து நாறியது. வயிற்றில் பட்டிருக்கிறது. தடம் பிடிக்கும் நாயோடு நான்கு மணித்தியாலம் தேடினோம். கண்டபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. அந்தக் கண்ணை நான் மறக்கவில்லை.

துவக்கையும் பார்த்தேன். பிடிக்கட்டையைப் பிணைக்கும் முன்பக்கத் திருகாணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, ஒரே பெட்டித் தோட்டாவில் சுட்டபோது வெடிகள் நெருங்கி விழுந்தன. இதைச் செய்யாமல் புது ஸ்கோப் வாங்குவது வீண் செலவு. ஆனால் அன்று பிழை விட்டது துவக்கு மட்டுமல்ல. 308 ரகத் துவக்கை 100 மீட்டரில் குறி சரிசெய்தால், சன்னம் 200இல் 10 முதல் 15 சென்ரிமீட்டர் அளவுதான் இறங்கும். வயிற்றுக்குப் போகுமளவுக்கு விலக்கியது என் ஆட்டம்.

பெரிய மிருக வேட்டைக்கு வருடாவருடம் சூட்டுப் பரீட்சை உண்டு: 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீட்டரில் பனிக் கலைமான் (ரெயின்டீர்) உருவத்தில் ஐந்து வெடி, ஐந்தும் அதிலுள்ள வட்டத்துக்குள் விழவேண்டும். அநேகர் அதைப் படுத்திருந்து சுடுகிறோம். காட்டில் புல்லும் புதரும் படுக்க விடாது. அதனால் சாப்பாட்டுத் தட்டளவு கடதாசி ஒன்றை மாட்டி, ஐம்பது மீட்டர் ஓடிவந்து, நின்று ஐந்து, முழந்தாளிட்டு ஐந்து, தாங்குகோல் வைத்து உட்கார்ந்து ஐந்து சுட்டுப் பாருங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. நாலு போதாது. எனக்கு நின்றால் 60 மீட்டர், உட்கார்ந்தால் 120. அந்த இரண்டு எண்களையும் எழுதிக் கட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

என் அப்பா வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்தவர். ஒரு வெடி போனால் மருந்து இடித்து நிரப்பும்வரை பன்றி காத்திராது. முப்பது அடிக்குள் வரும்வரை விரலை விசையில் வைக்கமாட்டார். நாங்கள் அவரைப் பயந்தவர் என்று நினைத்திருந்தோம்.

தம்பிமாரே, 25க்கு இன்னும் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. சூட்டுத்திடலுக்கு வாருங்கள், தட்டுக் கடதாசி நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
எல்வெரும், நோர்வே